சாருக்கு நஞ்சு தனியா

15-2-88, திங்கள்

இன்றிலிருந்து சாப்பிட்டதை எல்லாம் எழுத வேண்டுமாம். அத்திப்பள்ளி வைத்தியர் கரியப்பனின் உத்தரவு. நேற்று ஓசூரில் பஸ் ஏறி, கர்நாடக எல்லை செக்போஸ்ட் தாண்டிப் போய், ஒரு மணி நேரம் காத்துக் கிடந்து பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அமுக்கினார். எரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். பால் குடிப்பேன் என்றேன். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு எரிந்தால்? அதற்கும் பால்தான் என்றேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

மீனும் பாலும் விருத்தமாம். விருத்தம் என்றால் பாட்டில் ஒரு வகை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். தனித்தனியே நல்லதாக இருந்து, சேர்ந்தால் கெடுதல் செய்யும் சாப்பாட்டை ஆயுர்வேதத்தில் அப்படிச் சொல்வார்களாம். பாலும் மீனும், பாலும் புளிப்பும், பாலும் வாழைப்பழமும், சுடவைத்த தேன், ராத்திரியில் தயிர். கேட்கக் கேட்க எனக்குத் திக்கென்றது. நாற்பத்திரண்டு வருஷமாக நான் ஆசையாகச் சாப்பிட்டது முழுக்க அந்தப் பட்டியலில் இருக்கிறது.

"ஏனு தின்னே, எதோட தின்னே, ஹொட்டெ எப்படி இருந்துச்சு, தினா பரி" என்றார். ஏனு என்றால் என்ன, ஹொட்டெ என்றால் வயிறு, தினா பரி என்றால் தினமும் எழுது. மூன்று வருஷ ஓசூர் வாசத்தில் என் கன்னடம் அவ்வளவுதான்.

எழுநூறு பேருக்குச் சோறு போடும் கம்பெனி கேன்டீன் சூப்பர்வைசர் ரத்தினவேல், தன் வயிற்றைப் பற்றி டைரி எழுதுகிறான். சங்கரன்கோவிலில் பிள்ளைகளோடு இருக்கும் ராசாத்தி கேள்விப்பட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

காலை: இட்லி 4. மதியம்: கேன்டீன் சோறு, கத்திரிக்காய் சாம்பார். இரவு: மெஸ்ஸில் புரோட்டா.
வயிறு: எரிச்சல். ஏப்பம். இரண்டு முறை போனேன், திருப்தி இல்லை.

16-2-88, செவ்வாய்

நாராயணம்மா ஒரு மணி நேரம் லேட். இவள்தான் எங்கள் பெரிய சமையல்காரி. உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறாள். "சானமாவு காட்டுலேருந்து யானை எறங்கிடுச்சி சார், பஸ்ஸ அங்கியே நிறுத்திட்டாங்க" என்றாள். ஆளுக்கொரு கதை. மெமோ கொடுத்தேன். வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கோபம் இவ்வளவு வந்திருக்காது.

இன்னும் டெம்பரரி டோக்கன்தான் அவளுக்கு. இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தால் பெர்மனென்ட் செய்தாக வேண்டும். அவளுக்கு இன்னும் முப்பத்தைந்து நாள். வருகை எழுதும் மஸ்டர் என் கையில்தான் இருக்கிறது, அவளுக்கும் தெரியும். இந்த நேரத்தில் இந்தத் திமிரா?

வயிறு: எரிச்சல். மெமோ எழுதும்போது அதிகம்.

17-2-88, புதன்

யானை வந்தது நிஜம்தானாம். வாட்ச்மேன் சொன்னான். கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்கினால் மரியாதை இருக்காது. விட்டுவிட்டேன்.

20-2-88, சனி

மதியம் ஸ்டோர் ரூமில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதை நாராயணம்மா பார்த்துவிட்டாள். "வயிறா சார்? எரியுதா, இழுக்குதா?" என்றாள். "நீ உன் சோலியப் பாரு" என்றேன். என்ன கேள்வி இது, ஒரு பொம்பளை, எல்லார் எதிரிலும்.

வயிறு: இழுக்கிறது. (அவளுக்குப் பதில் இங்கே.)

23-2-88, செவ்வாய்

என் தட்டு இரண்டு நாளாகத் தனியாக, மூடி போட்டு வருகிறது. சுரைக்காய் கூட்டு, பாசிப்பருப்பு, ஒரு டம்ளர் மோர். மோரில் ஏதோ பொடி மிதக்கிறது. எல்லாருக்கும் கத்திரிக்காய் சாம்பார், எனக்கு மட்டும் நோயாளிச் சாப்பாடு. மெமோவுக்குப் பயந்து காக்கா பிடிக்கிறாள்போல.

வயிறு: பரவாயில்லை. வைத்தியர் கொடுத்த சூரணம் வேலை செய்கிறது.

27-2-88, சனி

வயிறு: நிம்மதி. ஒரே முறை. சூரணம் சூரணம்தான்.

2-3-88, புதன்

புதன் என்றால் கருவாடு. கேன்டீன் முழுக்க வாசனை, எழுநூறு பேரும் இரண்டு கை போதாமல் சாப்பிடுகிறார்கள். என் தட்டில் மூடியைத் திறந்தால் மறுபடி சுரைக்காய். ஒரு துண்டு கருவாடு வைக்கக்கூட அவளுக்கு மனசில்லை. கேட்டு வாங்கவும் எனக்கு வெட்கம். இது காக்கா பிடிப்பது இல்லை, பழிவாங்குவது. மெமோவுக்குப் பழி.

வயிறு: சுத்தமாக எரிச்சல் இல்லை.

6-3-88, ஞாயிறு

பட்டறையில் வேலை பார்க்கும் நம்ம ஊர் சுடலைமுத்து வீட்டில் விருந்து. அவனுக்கு புரமோஷன். கிருஷ்ணகிரி டேம் மீன், புளி தூக்கலாகக் குழம்பு. எங்கள் ஊர்க் கைப்பக்குவம். நாக்கு இரண்டு வாரமாகச் செத்துக் கிடந்தது, இன்று உயிர் வந்தது. பிறகு சேமியாப் பாயசம், இரண்டு டம்ளர், பால் குறுக்கிச் செய்தது. பிறகு வாழைப்பழம்.

வைத்தியர் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஒரு நாள்தானே.

7-3-88, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையிலிருந்தே வயிற்றைப் பிசைந்தது. மதியம் தட்டு வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன், முடியவில்லை. மோரை மட்டும் குடித்துவிட்டு, ஓங்கரித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஸ்டோர் ரூமுக்குள் நாராயணம்மா, தன் உதவிக்கு இருக்கும் மாரம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். என் காதால் கேட்டேன்.

"சாருக்கு நஞ்சு தனியா எடுத்து வெச்சிருக்கேன். நீ மாத்தி வெச்சிடாத."

நஞ்சு! எங்கள் ஊரில் மேடையில் பேசுகிறவன்தான் இந்தச் சொல்லைச் சொல்வான். அதை ஒரு சமையல்காரி, மஞ்சள்தூளைத் தனியா வெச்சிருக்கேன் என்கிற மாதிரிச் சொல்கிறாள். எனக்கு. தனியா.

மூடி போட்ட தட்டு. மோரில் பொடி. கருவாடு கூட வராத தட்டு. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

எனக்கா? வெசமா? ஒரு மெமோவுக்கா? நான் என்ன பாவத்தச் செஞ்சேன் இவளுக்கு? நான் செத்தா எம்புள்ளைக என்னத்துக்கு ஆகும்? கொலகாரி. கொலகாரி.

பர்சனல் ஆபீசரிடம் ஓடினேன். செக்யூரிட்டி வந்து அவள் பையைச் சோதித்தான். காகிதப் பொட்டலத்தில் பொடி. கேட்டால் ஒளிக்கவே இல்லை: "சாருக்கு மோருல போடுறது." நஞ்சு என்று சொன்னாயா என்றால், "ஆமா சொன்னேன், இன்னா இப்ப?" என்கிறாள். ஆபீசர் முகம் வெளுத்துவிட்டது. போலீசுக்குப் போனால் கம்பெனி பேர் கெடும் என்று சொல்லி, டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். போகும்போது ஷிப்ட் மாறும் கூட்டம் முழுக்க நின்று பார்த்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். பயந்த மாதிரி இல்லை. புரியாத மாதிரி.

ஆபீசர் என் தோளைத் தட்டினார். "பத்தொன்பது நாள்ல பெர்மனென்ட் ஆகியிருப்பா ரத்தினவேல். நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க." அவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார்?

பொட்டலத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நாளை வைத்தியரிடம் காட்டுவேன். என்ன விஷம் என்று தெரிந்தால்தானே முறிவு மருந்து கேட்க முடியும்.

8-3-88, செவ்வாய்

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

லீவு போட்டுவிட்டு அத்திப்பள்ளிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினேன். வைத்தியர் பிரித்தார், முகர்ந்தார், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டார். நான் கத்தியே விட்டேன். வாசலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர் சாவகாசமாகச் சப்பிவிட்டு, "ஓமா. ஜீரகா. சொல்ப இந்துப்பு. வறுத்து இடிச்சது. கை நல்ல கை" என்றார்.

பிறகு நோட்டைப் படிக்கச் சொன்னார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எழுதியதை நான் வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே இறங்கியது. மீன். புளி. பாயசம். வாழைப்பழம். "இது போதும், விஷா வேற யாருக்கு பேக்கு?" என்றார். விஷம் வேறு யாருக்குத் தேவை என்று.

"சரி, அவள் நஞ்சு என்று சொன்னாளே, தானே ஒப்புக்கொண்டாளே" என்றேன். முழுதும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனிதர் மறுபடி தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு விளக்கினார்.

கன்னடத்தில் நஞ்சு என்றால் விஷமும்தான். ஆனால் இந்தப் பக்கத்து வீடுகளில், புண்ணை ஆறவிடாத, உடம்பில் இருக்கிற கோளாறைக் கிளப்பிவிடுகிற பண்டத்துக்குத்தான் நஞ்சு என்று பேராம். கத்திரிக்காய் நஞ்சு. கருவாடு நஞ்சு. பூசணி நஞ்சு. பிள்ளை பெற்றவளுக்கு, ஆபரேஷன் ஆனவனுக்கு, வயிற்றுப்புண் உள்ளவனுக்கு நஞ்சு ஆகாது. "அந்த அம்மா உன் சாப்பாட்டுலேருந்து நஞ்செத் தனியா எடுத்து வெச்சிருக்கா அப்பா. உனக்கு வெக்கல, எடுத்திருக்கா."

கரப்பான் பண்டம்! எங்கள் ஊரில் இதைத்தான் கரப்பான் என்போம். சொறி, சிரங்கு வந்தால் என் அம்மா கத்திரிக்காயைக் கண்ணில் காட்ட மாட்டாள், "கரப்பான்ல, தொடாத" என்பாள். அதே கத்திரிக்காய், அதே கருவாடு. என் சாப்பாட்டிலிருந்து கரப்பானை எடுத்துவிடு என்று நான் சொல்லியிருந்தால், நாராயணம்மா பூச்சியைத்தான் தேடியிருப்பாள்.

பஸ்ஸில் வரும்போது நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். மூடி போட்ட தட்டு வந்த நாளெல்லாம் நிம்மதி, பரவாயில்லை, எரிச்சல் இல்லை. என் கையால் எழுதியது. சூரணம் என்றும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன். சூரணத்தை நான் ஒரு வாரத்திலேயே தீர்த்துவிட்டேன், மறுபடி வாங்கவில்லை. அதுகூட நேற்றுவரை உறைக்கவில்லை.

கொலைகாரி என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை.

9-3-88, புதன்

பர்சனல் ஆபீசரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். "ஆனா அனுப்பினது அனுப்பினதுதானே." அப்போதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. சட்டப்படி பெர்மனென்ட் ஆக இருந்த ஒருத்தியை, காசு செலவில்லாமல், கெட்ட பேரும் இல்லாமல் வெளியே தள்ள ஒரு முட்டாள் கிடைத்திருக்கிறான். நான்தான்.

என்கொயரி வைக்காவிட்டால் யூனியனிடம் போவேன் என்றேன். யூனியன் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். ஆபீசர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கருவாடு. சாப்பிடவில்லை.

10-3-88, வியாழன்

அவள் ஊருக்குப் போனேன். அவள் புருஷன் திம்மராயன் வாசலிலேயே நிறுத்திவிட்டான். கத்தவில்லை. "பக்கத்து வூட்டுக் கொழந்த மோர் கேட்டு வரும் சார், தெனம். மூணு நாளா அவங்கம்மா அனுப்பல. எம் பொண்டாட்டி கையால இனிமே யாரு வாங்கித் திம்பாங்க?" என்றான்.

உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "நா இன்னா சார் பண்ணேன்? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

வாசலில் நின்று சொன்னேன். உங்க ஊர் நஞ்சு எங்க ஊரில் விஷம் என்று. தண்ணீர் கொடுத்தார்களா என்றால், கொடுத்தார்கள். திம்மராயன் கொடுத்தான்.

14-3-88, திங்கள்

என்கொயரி. ஆபீசர், யூனியன் செக்ரட்டரி மாடசாமி, குறிப்பெடுக்க ஒரு டைப்பிஸ்ட் பெண், நாராயணம்மா, நான். அவளுக்கு நாற்காலி போடவில்லை. மாடசாமி எழுந்து தன்னுடையதைக் கொடுத்தார். எனக்கு ஏன் தோன்றவில்லை?

வாய் வார்த்தை செல்லாது, சாட்சி வேண்டும் என்றார் ஆபீசர். அந்தப் பொடியும் மூடி போட்ட தட்டும் என்னைக் கெடுக்கவில்லை, குணமாக்கின என்பதற்கு என்ன ஆதாரம்? என்னிடம் இருந்தது இந்த நோட்டு ஒன்றுதான். படியுங்கள் என்றார்.

படித்தேன். நான்கு பேர் முன்னால், என் ஏப்பத்தையும், எத்தனை முறை போனேன், திருப்தியா இல்லையா என்பதையும், தேதி வாரியாக. மாடசாமி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். டைப்பிஸ்ட் பெண் பாதியில் எழுந்து போய்விட்டது. காது மடல் எரிந்தது. காக்கா பிடிக்கிறாள் என்று எழுதியதையும் படித்தேன். பழிவாங்குகிறாள் என்றதையும். யானை வந்தது நிஜம், மரியாதைக்காக விட்டுவிட்டேன் என்ற வரி வந்தபோது நாராயணம்மா முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள்.

ஏழாம் தேதி வந்தது. அந்த வரிகளைத் தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். யாருக்குத் தெரியும்? ஆனால் அவளை கேட்டுக்கு வெளியே அனுப்பியது அந்த ஒரு சொல்தான். படித்தேன். கொலகாரி. கொலகாரி. என் குரலிலேயே எனக்குக் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். "நஞ்சுன்னா உங்கூருல வெசம்னீங்க சார். அப்ப கத்திரிக்காய்க்கி இன்னான்னு சொல்லுவீங்க?"

கரப்பான் என்றேன். "கரப்பானா!" என்று அருவருத்து, பிறகு, "அத போயி சோத்தோட சொல்றீங்களே" என்றாள். மாடசாமியால் அடக்க முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. நானும்.

16-3-88, புதன்

உத்தரவு வந்தது. அவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அது சரி, வரவேண்டியதுதான். ஆனால் அவளுக்குப் புது டோக்கன். பழைய நானூற்று அறுபத்தொரு நாளும் போச்சு. முதலிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்க வேண்டும்.

ஆபீசரிடம் கத்தினேன். எதை வைத்து இப்படிச் செய்கிறீர்கள் என்றேன். "பிரேக் ஆன சர்வீஸ், ரத்தினவேல். பிரேக் பண்ணினது யாரு?" என்றார். மாடசாமி லேபர் கோர்ட்டுக்கு எழுதிப்போடலாம் என்கிறார், வருஷக்கணக்கில் ஆகும் என்றும் சொல்கிறார். முதல் கையெழுத்து நான் போட்டேன்.

வயிறு: தெரியவில்லை. கவனிக்கவில்லை.

17-3-88, வியாழன்

நாராயணம்மா: 1.

கேட்டில் அவளை நிறுத்திப் பழைய மெமோவைத் திரும்பக் கேட்டேன். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், அதே மடிப்பு. கிழித்தேன். "யானைக்குச் சொல்லிடறேன் சார்" என்றாள். கிண்டலா, கோபமா, புரியவில்லை.

மூடி போட்ட தட்டு வரவில்லை. வரிசையில் நின்று வாங்கினேன். கத்திரிக்காய் சாம்பார், நான்கு துண்டு. எடுத்து ஓரம் வைத்தேன்.

23-3-88, புதன்

நாராயணம்மா: 6. கருவாடு. வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். என்னைக் கடந்து போகும்போது தட்டைப் பார்த்தாள்.

9-4-88, சனி

நாராயணம்மா: 20. பக்கத்து வீட்டுக் குழந்தை மோருக்கு மறுபடி வர ஆரம்பித்திருக்கிறதாம். மாரம்மா சொன்னாள். என்னிடம் இல்லை, என் காதில் விழும்படி.

வயிறு: சுமார்.

27-4-88, புதன்

நேற்று பூசணி வெட்டும்போது நாராயணம்மாவுக்கு இடது கைக் கட்டைவிரலில் ஆழமான வெட்டு. நான்கு தையல். லீவு போடச் சொன்னேன். "லீவு போட்டா நாளு போயிடும்" என்றாள்.

இன்று ஒற்றைக் கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். கேன்டீன் பணியாளர் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே போனேன். கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய்ப் பொரியல், மிஞ்சின பூசணிக் கூட்டு. கையில் தையலோடு இவள் சாப்பிடக் கூடாத மூன்றும் ஒரே நாளில். ஒரு தட்டு எடுத்தேன். காலையிலேயே நான் தனியாக வேகவைக்கச் சொல்லியிருந்த சுரைக்காய், பாசிப்பருப்பு, மோர். மூடி போட்டு மாரம்மாவிடம் நீட்டினேன்.

"இது அந்த அம்மாவுக்கு. நஞ்சு தனியா எடுத்து வச்சிருக்கேன். மாத்தி வச்சிராத."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அடுப்படி முழுக்க கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நாராயணம்மா திரும்பினாள்.

"எங்கூரு நஞ்சா, உங்கூரு நஞ்சா சார்?"

"உங்க ஊரு" என்றேன்.

மூடியைத் திறந்து பார்த்தாள். மோரை முகர்ந்தாள். "ஓமம் வறுக்கல" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நாராயணம்மா: 34. இன்னும் 446 இருக்கிறது.